குறட்டையைத் திருப்பி வைத்தவள்

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை காலை 6.12 மணிக்கு, மீர்சாகிப்பேட்டையில் வசிக்கும் குலாம் ரசூல் தன் குடும்ப வாட்ஸப் குழுவில், முழங்கால் வரை பூட்ஸ் அணிந்த மீன் ஒன்றின் படத்தைப் பகிர்ந்தார்.

குழுவில் பதினான்கு பேர். முந்தைய நாள் பக்ரீத் என்பதால் பிரியாணித் தட்டுகளும் புதுச்சட்டைப் பிள்ளைகளும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே மீன் தனியாக நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழகிப்போன விஷயம். போன வாரம் அது நத்தையோடு வாள்சண்டை போடும் குதிரைவீரன். அதற்கு முந்தைய வாரம், கழுத்துக்கு மேலே தலை இருக்கவேண்டிய இடத்தில் கூஜா வைத்திருந்த ஒரு துரை.

குலாம் ரசூலுக்கு அறுபத்தொரு வயது. தி.நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் லேஸ், பட்டன், சேலை பார்டர், குஞ்சம் விற்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் பிரித்த அன்று கையில் இருந்த போனில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது ஒரு பழைய கடல் வரைபடம். அதில் கப்பலைவிடப் பெரிய நண்டு ஒன்று ஒரு மாலுமியைக் கொடுக்கில் பிடித்திருந்தது. மாலுமி பயப்பட்டதாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடத் தொடங்கினார். யாரோ எந்த ஊர் நூலகத்திலோ ஸ்கேன் செய்து போட்டவை, தீப்பெட்டி லேபிள்கள், பூனைகள் படிக்கும் பள்ளிக்கூடம், சக்கரம் வைத்த வீடுகள், வசனம் இல்லாத கார்ட்டூன்கள். எல்லாவற்றையும் போனில் ‘அஜப்’ என்ற பெயரில் ஒரு கோப்புறையில் சேர்த்துவைத்தார். உருதுவில் விசித்திரம் என்று அர்த்தம். நாலாயிரம் படங்களுக்கு மேல் இருந்தன.

அவர் பார்க்கும் விதத்தில் அவசரம் இருக்காது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி ஒரு மூலையிலிருந்து மெதுவாக நகர்வார். குதிரைவீரனை விட்டுவிட்டு, பின்னால் வேலியில் உட்கார்ந்திருக்கும் காக்கையிடம் கொஞ்ச நேரம் இருப்பார். பஜாரில் மதியம் இரண்டு மணிக்கு வெயில் தகரக் கூரைகளில் விழுந்து சந்தே மஞ்சளாக மிதக்கும் வேளையில் கடைக்குள் யாரும் வருவதில்லை. சரிகைச் சுருள்களுக்கு நடுவே அவர் முகம் போன் வெளிச்சத்தில் நீலமாக இருக்கும். அப்போது கூப்பிட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். திரும்பி வர அவ்வளவு தூரம்.

கார்ட்டூன்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைக் கடையில் வேலை பார்க்கும் சுந்தரவல்லியிடம் அடிக்கடி சொல்வார்.

“இந்த வெள்ளக்காரனுங்க கார்ட்டூனு மனசுக்கு நல்லதும்மா. பேச்சே கீறதில்ல. ஒருத்தன் ரோட்ல உழுந்து கெடப்பான், தலைய சுத்தி நட்சத்திரம். அப்பறம் ஜிவ்வுனு மேல எழும்பி, நேரா நின்னு, பேப்பர் படிச்சிக்கினு அவன்பாட்டுக்குப் போவான். ஒடஞ்ச ஜாடி ஒட்டிக்கும். எவனுக்கும் ஒண்ணும் ஆவாது.”

“நல்ல கதெல்லா சொல்லுதீய” என்பாள் சுந்தரவல்லி, தென்காசிக்காரி. அவள் படத்தைப் பார்ப்பதில்லை. கேட்பதோடு சரி.

ஏப்ரலில் அவர் கண்ணில் ஒரு படக்கதை பட்டது. படங்கள் பகிரும் செயலி ஒன்றில், ‘உப்புக்காற்று’ என்ற பெயரில் யாரோ வாரம் ஒரு பக்கம் போட்டார்கள். வரிசையாக நான்கு கட்டங்கள். ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கதையில் கடல் தெருவுக்குள் வந்து முதல் மாடி வரை அமைதியாக நிற்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மீன்கள் ஜன்னல் கம்பியில் மூக்கு உரசும். தண்ணீர் லாரி மேலே மிதந்து போகும். அந்தத் தெருவில் ஒடுக்கமான மூன்று மாடி வீடு ஒன்று. அதில் ஒற்றைப் பின்னலும் கையில் ஒரு பெட்டியுமாக ஒரு பெண்.

வரைந்தவள் அவருடைய மகள் அஃப்ரா. இருபத்தேழு வயது. அது அவருக்குத் தெரியாது.

அஃப்ரா அடையாறில், குழந்தைகளுக்கான பாடச் செயலி செய்யும் ஒரு நிறுவனத்தில் படம் வரைகிறாள். ஆப்பிள், பந்து, பசு. “ஆப்பிள் வரையறதுக்கு ஒரு ஆபீஸா பேட்டா?” என்று அப்பா மகளைச் செல்லமாகக் கேட்டிருக்கிறார், கேலியாகத்தான். மார்ச் மாதம் லிஸ்பனில் குழந்தைகளுக்கான சித்திரப்படம் எடுக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். இரண்டு வருட வேலை. அப்பாவிடம் சொல்ல நினைத்து, வாய் வராமல், அந்த வாரமே முதல் பக்கத்தை வரையத் தொடங்கினாள். பக்கங்கள் ஏப்ரல் முதல் ஞாயிறு முதல் வெளிவந்தன.

முதல் பக்கத்தில் வீடு நிறைந்திருந்தது. எல்லோரும் தூங்கினார்கள். அடுத்தடுத்த பக்கங்களில் அந்தப் பெண் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைத் துணிபோல நான்காக மடித்தாள். தேநீரின் வாசனையை மஞ்சள் நாடாவாகச் சுருட்டினாள். தூங்கும் அப்பாவின் மூக்கருகே மிதந்த குறட்டையை, அது சின்ன ஆட்டுக்குட்டி போல் இருக்கும், இரு கைகளாலும் பிடித்து மெல்ல உள்ளே வைத்து மூடினாள். பிறகு மாடிப்படி இறங்கினாள். பெட்டியோடு தெருமுனை, சாந்தோம் கடற்கரை, கலங்கரை விளக்கம், குடைகள் மட்டும் முளைத்திருக்கும் ஒரு தீவு என்று வாரத்துக்கு வாரம் தூரமாகிக்கொண்டே போனாள். அவளை அஃப்ரா எப்போதும் நேர்முகமாகத்தான் வரைந்தாள். பக்கவாட்டில் வரைந்தால் அவளுக்கு மூக்கு சரியாக வராது.

கடைசிப் பக்கம் போட்டு முடித்ததும் அப்பாவிடம் காட்டிச் சொல்லிவிடலாம் என்பது அவள் திட்டம். அதற்குள் படம் பகிரும் அந்தச் செயலியே அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டது. மே மாதம் ஒரு நாள், ஏழாவது பக்கத்தின் கீழே ‘ரசூல் லேஸ் சென்டர்’ என்ற கணக்கிலிருந்து கருத்து வந்திருந்தது.

‘மாஷா அல்லாஹ். அந்த ஆளோட குறட்டைய பெட்டியிலருந்து எடுத்து பத்திரமா திருப்பி வெச்சிடுச்சு. நல்ல பொண்ணு.’

அஃப்ரா அதை மூன்று முறை படித்தாள். அப்பா கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்தாள். இரண்டும் இல்லை என்பது ஜூன் 8 காலை, மீன் படம் போன பிறகு, சாப்பாட்டு மேஜையில் தெரிந்தது.

அவள் அம்மா அஸ்மத்துன்னிசா, மிஞ்சிய குருமாவைச் சூடுபண்ணிப் பரோட்டாவோடு வைத்தாள். வீட்டில் பேச்சு உருதுவும் தமிழும் கலந்துதான் ஓடும். அப்பா போனை மேஜையில் சாய்த்துவைத்து அம்மாவுக்கு ஒரு கார்ட்டூனை விளக்கினார். ஒருவன் நடந்து வருகிறான், கீழே வாழைப்பழத் தோல், வழுக்குகிறான், விழுகிறான். நான்கு கட்டம்.

“இதோ பாரு. கெடக்கறான். மேல பறக்கறான். நிக்கறான். நடையக் கட்டிட்டான். கையில தடி கூட இல்ல.”

அவர் விரல் வலக்கோடிக் கட்டத்தில் தொடங்கி இடப்பக்கமாக நகர்ந்தது.

அஃப்ரா பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தினாள். அப்பா எட்டாம் வகுப்புவரை, வலமிருந்து இடமாக எழுதும் உருது வழியில் படித்தவர். தமிழ்ப் பேப்பரைத் தடுமாறாமல் வாசிப்பார். கூரியர்க்காரனின் ஆங்கிலச் சீட்டையும் வாசிப்பார். எழுத்து இருந்தால் கண் அந்த எழுத்தின் வழியில் போகும். எழுத்தே இல்லாத படத்தில் அது முதலில் பழகிய பக்கத்திலேயே தொடங்குகிறது. கடையில் பார்டர் மாதிரிகளை விரிக்கும்போதும் அவர் முதல் தரத்தை வலக்கோடியில்தான் வைப்பார். வாடிக்கையாளர்கள் இடக்கோடியில் இருக்கும் மட்டமானதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுந்தரவல்லி பின்னாலேயே வந்து மாற்றி அடுக்குவாள். பதினோரு வருடமாக அப்படித்தான்.

“அப்பா, அந்தப் பெட்டிப் பொண்ணு கதை ஒண்ணு சொன்னீங்களே, அது எப்படிப் போகுது?” என்று கேட்டாள்.

“அதுவா? அது பெரிய மூளை. வரையறவன் சாதாரண ஆளு இல்ல” என்றார். நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். “மத்தவனெல்லாம் கதைய முன்னால தள்ளுவான். இவன் வாரா வாரம் கதைக்கு முன்னால ஒரு பக்கம் சேக்கறான். முடிவு நமக்கு மொதல்லயே தெரியும். பொண்ணு வீட்டுக்கு வந்துடுச்சு, எல்லாம் நெறஞ்சிபோச்சு, எல்லாரும் தூங்கறாங்க. இப்ப அவ எவ்ளோ தூரத்துலருந்து வந்தான்னு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா காட்டறான். போன வாரம் தெருமுனை. இந்த வாரம் பீச். இன்னும் எங்கெங்கருந்து வந்தாளோ. அதான் நான் பயமில்லாம படிக்கறேன்.”

செயலியில் புதிய பக்கம் மேலேயும் பழையது கீழேயும் இருக்கும். அவர் மேலிருந்து கீழே, வலமிருந்து இடமாகப் படித்திருந்தார். ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை.

“அப்பறம் ஒண்ணு கவனிச்சியா” என்றார். “அந்த வீட்லயும் மூணாவது படி ஒடஞ்சிருக்கு. அந்தப் பொண்ணும் தாண்டித்தான் கால் வெக்குது. நம்மள மாதிரியே.”

மீர்சாகிப்பேட்டை வீட்டில் கீழிருந்து மூன்றாவது படியின் விளிம்பு இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் உடைந்தது. பூச ஆள் கூப்பிடுவதாக அப்பா சொன்னார். பிறகு எல்லோரும் அதைத் தாண்டப் பழகிக்கொண்டார்கள். விருந்தாளி யாராவது வந்தால் மேலிருந்து அம்மா, “மூணாவது, மூணாவது!” என்று கத்துவாள்.

அம்மா குருமாக் கரண்டியோடு அஃப்ராவைப் பார்த்தாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

அவர் குளிக்கப் போன பிறகு சமையலறையில் அம்மா பிடித்துக்கொண்டாள். “அவர் தப்பாப் படிக்கறாருன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா மீதியும் சொல்லணும் அம்மி.”

“சொல்லு.”

“வேலையே இன்னும் கெடைக்கல. கெடைக்காமலே போகலாம்.”

“நல்லாருக்குடி. நான் சொல்ல மாட்டேன், ஞாபகம் வெச்சிக்கோ. உன் வாயால நீயே சொல்லணும்.”

வேலை ஜூலை 21 அன்று கிடைத்தது. கடிதத்தில் செப்டம்பர் 15க்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

அஃப்ரா சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பக்கம் போட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குள் கீழே கருத்து வந்தது. ‘கொடைத் தீவுலருந்து கெளம்பிடுச்சு. அல்லா காவல்.’ ‘மழையில பெட்டிய நனையாம கொண்டு வருது பாருங்க.’ மற்ற வாசகர்கள் அதைக் கவிதை என்று நினைத்தார்கள். ஒருவர் அதற்கு இதயம் போட்டார். இன்னொருவர், ‘சார் வேற லெவல்’ என்று எழுதினார். அஃப்ராவுக்கே சில நாட்களில் அவர் கதைதான் அசல் என்று தோன்றியது. மதியம் அலுவலகத்தில் பசுவுக்கு வண்ணம் போடும்போது, கண்ணாடிக்கு வெளியே அடையாற்றின் கழிமுகத்தில் கொக்குகள் பின்னோக்கிப் பறப்பதுபோல் இருக்கும். எடுத்ததையெல்லாம் யாரோ திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடிகாரம், வாசனை, ஆட்டுக்குட்டி. அந்த மயக்கத்தில் ஆகஸ்ட் போனது.

செப்டம்பர் 7இல் இருபத்துமூன்றாவது பக்கம் வந்தது. தெரியாத ஒரு துறைமுகம், அலையே இல்லாத வெளிர்பச்சைக் கடல், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு பலகை. கடைசிக் கட்டத்தில் பெண் பலகையில் ஒரு காலை வைத்திருந்தாள். ‘இன்னும் ஒரு பக்கம்’ என்று அஃப்ரா கீழே எழுதியிருந்தாள். அவள் எழுதிய ஒரே வரி அதுதான்.

செப்டம்பர் 11, வியாழக்கிழமை மதியம், கோடம்பாக்கத்தில் சினிமா உடை தைக்கும் செந்தில்குமார் கடைக்கு வந்தார். ராஜா வேடத்துக்கு நான்கு மீட்டர் தங்கக் குஞ்சம் வேண்டும். சுந்தரவல்லி அளந்துகொண்டே கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்பதான் கப்பல உட்டு எறங்குது. இதான் மொதல் அடி” என்றார் குலாம் ரசூல். “அடுத்த வாரம் எந்த ஊர்லருந்து கெளம்புச்சுன்னு காட்டிருவான். அதோட கதை முழுசு.”

“எந்த ஊரா இருக்கும்ங்கீய?” என்றாள் சுந்தரவல்லி. “துபாயா?”

“துபாய்ல இவ்ளோ பச்சை ஏது?”

செந்தில்குமார் கல்லாவின் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். “இன்னா பாய் அது, கார்ட்டூனா? குடு பாப்போம்.” போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனார். அடிவரை போய், அங்கிருந்து மேலே வந்தார். சினிமாக் கம்பெனியில் கட்டங்கட்டமாக வரைந்து தரும் காட்சிப் படங்களைப் பார்த்துத் தைப்பவர். அவருக்கு இது வேலை.

“பாய், இன்னா சொல்லிக்கினு கீற நீ? இது வரல பாய். போவுது.”

“எது?”

“இந்தப் பொண்ணு. வூட்லருந்து எல்லாத்தையும் எடுத்துக்கினு போவுது. இதோ பாரு, கடியாரத்த மடிச்சி உள்ள வெக்குது. அப்பனோட கொறட்டைய கூட வுடல. தூக்கிக்கினு கப்பலேறிடுச்சு.”

“வெக்கல. எடுக்குது.”

“மாமே, எந்தப் பக்கத்துலருந்து பாக்கற?”

குலாம் ரசூல் விரலை வைத்துக் காட்டினார். செந்தில்குமார் சிரிக்க ஆரம்பித்தார். “ஐயோ பாய்! நீ அந்தக் கோடிலருந்து வர! சினிமாவ ரிவர்ஸ்ல ஓட்டிக்கினு இருந்திருக்க!” பக்கத்துக் கடை ஹபீபுர் ரஹ்மானைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் உருதுக்காரர். அவர் போனை வாங்கி வலப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, “வருதேப்பா” என்றார். சந்தில் ஒரு பத்து நிமிடம் அதே பேச்சு. போவுது, வருது. குஞ்சம் வாங்க வந்த இன்னொரு பெண்ணிடமும் காட்டினார்கள். அவள் அரைப் பார்வையில், “போகுது” என்றாள்.

சுந்தரவல்லி மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து மாதமாகக் கேட்ட கதை. “அப்பம் அந்த வீடு காலியாயிட்டா?” என்றாள்.

குலாம் ரசூல் போனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். “நாலு மீட்டரு. வெட்டு” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்குக் கடையை மூடினால் அவர் தி.நகரிலேயே சாப்பிட்டுவிட்டு மறுபடி திறப்பது வழக்கம். அன்று ஒன்றே முக்காலுக்குத் தொப்பியோடு வீட்டுக்கு வந்தார். அஃப்ராவுக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். படியில் அவர் காலடி கேட்டது. ஒன்று, இரண்டு. அப்புறம் நின்றுவிட்டது. வெகுநேரம் அப்படியே நின்றது.

மேலே வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, போனை மேஜையில் வைத்தார். அடிவரை தள்ளினார். முதல் பக்கத்தைத் திறந்து இடக்கோடிக் கட்டத்தில் விரலை வைத்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். இரண்டு இடத்தில் விரல் தானாக வலப்பக்கம் போயிற்று. திருப்பிக் கொண்டுவந்தார். இருபத்துமூன்று பக்கம். வெளியே குல்ஃபி வண்டியின் மணி தெருவைக் கடந்து போனது. குறட்டையின் பக்கம் வந்தபோது அவர் அதைப் பெரிதாக்கி, ஆட்டுக்குட்டியின் காதுகளை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நம்ம வீட்ட தவிர வேற யாருக்கும் மூணாவது படி ஒடையல” என்றார் கடைசியில். “நேத்திக்கு முழுக்க யோசிச்சேன்.”

“அப்பா...”

“இன்னும் ஒரு பக்கம்னு போட்டிருக்கியே. அதுல அவ எங்க நிக்கறா?”

“லிஸ்பன்ல. போர்ச்சுகல்.”

“கடல் இருக்கா?”

“இருக்கு. ஆறும் இருக்கு.”

“எத்தினி வருஷம்?”

“ரெண்டு.”

“ஒத்துக்கிட்டியா?”

“இல்ல. திங்கக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க.”

“உங்கம்மாவுக்குத் தெரியும்.”

அது கேள்வியாக இல்லை. அடுத்த அறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“கொடைத் தீவுலருந்து கெளம்பிட்டான்னு எழுதினேன். அல்லா காவல்னு எழுதினேன். நீ படிச்சிட்டு சும்மா இருந்த. பஜார்ல செந்தில் கைகொட்டிச் சிரிக்கறான்.” அவர் குரல் உயரவில்லை. “நான் தப்பாப் படிக்கறேன்னு எப்ப தெரியும் உனக்கு?”

“ஜூன்ல.”

“மூணு மாசம்.”

“உங்க கதை நல்லாருந்துச்சுப்பா. கலைக்க மனசு வரல.”

“என் கதையா? நீ சொல்ல பயந்துக்கினு இருந்த. அதுக்கு என் கதை உனக்கு வசதி.”

அஃப்ரா ஆமென்று தலையசைத்தாள்.

“போக வேணாம்னு சொன்னா?”

“கேட்டுப்பேன்னு தோணுது. அதான் சொல்லல.”

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக வந்த வெயில் மேஜையில் போன்மேல் விழுந்து, திரையில் படம் மறைந்து வெறும் வெளிச்சமாக இருந்தது. அம்மா கதவருகே வந்து நின்றாள். “சாப்பாடு ஆறுது” என்றாள். யாரும் எழவில்லை. அவளும் போகவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றார் குலாம் ரசூல். “வேணாம்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நீ வரைஞ்சது நீயே முடி.” எழுந்து, சாப்பிடாமல் கடைக்குப் போனார்.

கடைசிப் பக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. நான்கு கட்டங்கள்: கப்பல், மேட்டுத் தெரு, மஞ்சள் டிராம், பெட்டியைத் திறக்கும் கை. சனிக்கிழமை முழுவதும் அஃப்ரா அதன் முன் உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கத்திலிருந்து பார்த்தாள். கை பெட்டியை மூடியது, டிராம் இறங்கியது, கப்பல் காத்திருந்தது. அப்படியே போட்டால் அவர் விரும்பினால் வருகிறாள் என்று படித்துக்கொள்ளலாம். அது மறுபடியும் அதே வசதி. இடப்பக்கத்திலிருந்து பார்த்தாள். அது உண்மை, ஆனால் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது போல் இருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கத்தை அழித்தாள். புதிதாக வரைய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இருபத்துநான்காவது பக்கம் வெளிவந்தது. அதில் ஒரே ஒரு கட்டம் இருந்தது. மாடிப்படி. கடல் வடிந்துவிட்டது, சுவரில் தண்ணீர்க் கோடு மட்டும். உடைந்த மூன்றாவது படியில், யாரும் கால் வைக்காத இடத்தில், அந்தப் பெண் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மூடி கொஞ்சம் திறந்து, ஆட்டுக்குட்டியின் ஒரு காது வெளியே தெரிந்தது.

பத்து மணிக்குக் கருத்து வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. குலாம் ரசூல் கீழே ஹாலில்தான் இருந்தார், ஞாயிறு என்றாலும் கடை திறக்கும் நாள். பதினொன்றரைக்கு வண்டிச்சாவியை எடுத்துக்கொண்டு படியருகே நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

“அஃப்ரா!”

அவள் படிக்கட்டின் மேல்முனைக்கு வந்தாள்.

“எத்தினி பெட்டி எடுத்துக்கினு போகலாமாம்?”

“ரெண்டு.”

“எவ்ளோ கனம்?”

“ஒவ்வொண்ணும் இருபத்திமூணு கிலோ.”

அவர் மூன்றாவது படியைப் பார்த்தார். “ரெண்டு கையிலயும் அவ்ளோ கனம் வெச்சிக்கினு இத தாண்ட முடியாது” என்றார். “ஆள் சொல்லணும்.”

“ரெண்டாயிரத்துப் பன்னெண்டுலருந்து சொல்றாரு” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

அஃப்ரா திங்கட்கிழமை காலை லிஸ்பனுக்குச் சம்மதம் எழுதி அனுப்பினாள். டிசம்பர் 29ஆம் தேதி கொத்தனார் வந்து மூன்றாவது படியைப் பூசினார். இரண்டு நாள் அதன்மேல் ஈரச்சாக்கு போட்டிருந்தார்கள். 2026 ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை, குலாம் ரசூல் ஒரு பெட்டியும் அஃப்ரா ஒரு பெட்டியுமாக இறக்கினார்கள். இருவரும் மூன்றாவது படியைத் தாண்டியே கால் வைத்தார்கள். விமானம் நேரத்துக்குக் கிளம்பியது.